கேள்வி ஒன்று, நாற்பது நிமிடம், ஆறு வாரம்

கோர்ஸ் முடித்தவரிடம் ஒரு மாதம் கழித்து விசாரித்துப் பாருங்கள். "நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க. ஆனா நம்ம வேலையில அதுக்கு எடமே வரல" என்பார். சர்ட்டிஃபிகேட் கைப்பேசியில் பத்திரமாக இருக்கும். வேலை, கோர்ஸுக்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும்.

சிங்கப்பூரில் படிக்க வசதியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 25 வயதான குடிமக்களுக்குக் கோர்ஸ் கட்டணம் கட்ட அரசாங்கம் 2016இலிருந்து 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் தருகிறது. 40 வயதைத் தொட்டவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து மேலும் 4,000 வெள்ளி. பேட்டைக்குப் பேட்டை நூலகம். இத்தனை இருந்தும் திங்கட்கிழமை மீட்டிங்கில் "யாருக்காவது வேற யோசனை இருக்கா?" என்று மேலாளர் கேட்டால் ஒருவர் பேனாவைப் பார்ப்பார், இன்னொருவர் லேப்டாப்பைப் பார்ப்பார்.

குறை எங்கே என்றால், படிப்பவர் கையில் கேள்வி இருப்பதில்லை. கேள்வி இல்லாத படிப்பு தகவலாகச் சேரும், யோசனையாக மாறாது. கேள்வி இல்லாதவருக்கு நேரமும் தங்காது. எதற்காக உட்கார்கிறோம் என்று தெரியாத நாற்பது நிமிடத்தை அடுத்தவருடைய மின்னஞ்சல் சுலபமாகத் தின்றுவிடும். அதனால் நேரத்தைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் கேள்வி.

எது கேள்வி, எது ஆசை

"டேட்டா அனலிடிக்ஸ் கத்துக்கணும்" என்பது ஆசை. "கிரியேட்டிவா யோசிக்கணும்" என்பதும் ஆசைதான். இவற்றை எங்கே தொடங்கலாம், எப்போது முடிந்ததாகச் சொல்லலாம் என்று யாராலும் சொல்ல முடியாது. கேள்வி என்றால் வேலையில் நிஜமாகவே உறுத்துகிற ஒன்றாக இருக்க வேண்டும். அது ஒரு தடவை நடந்துவிட்டுப் போகிற சங்கதியாக இல்லாமல் திரும்பத் திரும்ப வருவதாக இருக்க வேண்டும். அதில் ஒரு பகுதியாவது உங்கள் கைக்குள் இருக்க வேண்டும். கம்பெனியின் சம்பளக் கொள்கை ஏன் இப்படி இருக்கிறது என்பது எவ்வளவு நல்ல கேள்வியானாலும் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கு அதனால் பயனில்லை.

தேடுவதற்குச் சுலபமான இடம் அனுப்பிய மின்னஞ்சல்கள். கடந்த இரண்டு மாதத்தில் நீங்கள் அனுப்பியவற்றை அரை மணி நேரம் மேலோட்டமாகப் பாருங்கள். ஒரே விளக்கத்தை இரண்டு பேருக்கு மேல் எழுதியிருந்தால் அங்கே ஒரு கேள்வி இருக்கிறது. அடுத்தபடியாக, எக்செலில் ஒவ்வொரு மாதமும் கையால் மாற்றுகிற அந்த ஒரு நெடுவரிசை. பிறகு வாட்ஸ்அப் குழுவில் "இது யார்ட்ட கேக்கணும்?" என்று வாராவாரம் வருகிற செய்தி. மூன்று கேள்விகளைக் குறித்துக்கொண்டு ஒன்றை எடுங்கள். எடுத்ததை "ஏன்" என்று தொடங்கும் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். வாக்கியத்தில் "மற்றும்" வந்தால் அது இரண்டு கேள்வி, வெட்டுங்கள்.

இனி வரப்போவதற்கு ஓர் உதாரணம் வேண்டும். கப்பல் ஏஜென்சி ஒன்றில் கணக்குப் பார்க்கும் பெண்மணி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் எட்டுப் பக்க ரிப்போர்ட் அனுப்புகிறார். அனுப்பி ஒரு மணி நேரத்தில் முதலாளி போன் அடித்து, "எந்தக் கஸ்டமர் இன்னும் காசு கட்டல?" என்கிறார். பதில் நாலாம் பக்கத்தில், வண்ண வண்ணமான வட்ட வரைபடத்தில் இருக்கிறது. அந்தப் பெண்மணியின் கேள்வி: "ஏன் நாலாம் பக்கத்தில் இருப்பது முதலாளி கண்ணில் படவில்லை?" அலட்டல் இல்லாத, தெளிவான கேள்வி. இதைவிடப் பெரிதாக வேண்டியதில்லை.

ஏன் ஒரேயடியாகப் படித்தால் போதாது

யோசனை பிறப்பதை நான்கு கட்டமாகப் பிரித்து 1926இல் எழுதினார் கிரஹாம் வாலஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர். கேள்வியோடு மல்லுக்கட்டித் தயாராவது, அதை ஊறவிட்டு வேறு வேலை பார்ப்பது, பளிச்சென்று பிடிபடுவது, பிடிபட்டது சரியா என்று சோதிப்பது. நூறு வருஷம் பழைய வகைப்பாடு. இதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் இரண்டாவது கட்டத்தை ஆராய்ச்சியாளர்கள் பல தடவை சோதித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட 117 ஆய்வுகளைத் திரட்டி 2009இல் சியோ, ஆர்மராட் என்ற இருவர் அலசினார்கள். இடைவெளி விடுவதில் பலன் இருப்பது தெரிந்தது. இடைவெளிக்கு முன்னால் கேள்வியோடு எவ்வளவு நேரம் போராடினார்களோ அதற்கேற்ப அந்தப் பலனும் கூடியது. கவனமாகப் பாருங்கள்: வெறுமனே ஓய்வெடுத்தால் யோசனை வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. போராடியவருக்குத்தான் ஓய்வு வேலை செய்கிறது. அந்த ஆய்வுகளில் இடைவெளி பெரும்பாலும் நிமிடக் கணக்கில்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாரக் கணக்கில் விட்டால் பலன் அதே வீதத்தில் பெருகும் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நாற்பது நிமிடம், ஆறு வாரம். மொத்தம் 12 மணி நேரம். ஒன்றரை நாள் பயிலரங்குக்கும் கிட்டத்தட்ட இதே நேரம்தான் ஆகும். வித்தியாசம் என்னவென்றால் பயிலரங்கில் தேநீர் இடைவேளையையும் இடையில் வருகிற ஒரே ஒரு இரவையும் தவிர இடைவெளியே இல்லை. இங்கே பதினெட்டு அமர்வுகளுக்கு நடுவே பதினேழு இடைவெளி. ஒவ்வொரு இடைவெளியிலும் நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், அந்தக் கேள்வி சம்பந்தப்பட்ட ரிப்போர்ட்டையோ இயந்திரத்தையோ நோயாளியையோ மறுபடி பார்க்கிறீர்கள். புதிதாகத் தெரிந்துகொண்டதோடு பார்க்கும்போது பழைய சங்கதியிலும் வேறு ஏதோ கண்ணில் படும். தொடர் படிப்பின் லாபம் முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

நாற்பது நிமிடத்துக்குள் என்ன நடக்க வேண்டும்

முதல் ஒரு நிமிடம் படிப்புக்கே இல்லை. பாதியில் விட்டு வந்த வேலையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதுங்கள்: "ஹார்பர் இன்வாய்ஸ், 10 மணிக்குத் திரும்பப் பார்க்கணும்." ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் மனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று 2009இல் சோஃபி லெராய் எழுதிய ஆய்வு காட்டியது. எங்கே விட்டோம், எப்போது திரும்புவோம் என்று எழுதி வைத்தால் அந்த ஒட்டுதல் தளர்கிறது. கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பது போதாது, பைக்குள் போடுங்கள்.

அடுத்த நான்கு நிமிடம், புத்தகத்தைத் திறக்காமல், போன தடவை படித்ததை வெற்றுக் காகிதத்தில் எழுதிப் பார்ப்பது. இதைப் பெரும்பாலானோர் செய்வதில்லை, ஏனென்றால் சங்கடமாக இருக்கும். பாதி ஞாபகம் வராது. ஆனால் பலன் அந்தச் சங்கடத்தில்தான் இருக்கிறது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு தடவை படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு ஞாபகம் இருந்தது 40 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு. ஹைலைட்டரால் மஞ்சள் பூசிவிட்டுப் படித்ததாக நினைத்துக்கொள்கிறவர்கள் அந்த ஐந்தாவது நிமிடத்து முடிவைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு இருபது நிமிடம் படிப்பு. ஐந்து பக்கம், மிஞ்சிப்போனால் எட்டு. வீடியோ என்றால் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டவும் வேண்டாம். நிறுத்தி யோசிக்கத்தான் மீதி நேரம். அடுத்த பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டு உங்கள் வார்த்தையில் ஐந்தாறு வரி. பார்த்து எழுதினால் அது நகல், கணக்கில் வராது.

கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு வாக்கியம், "அப்படியென்றால் என் வேலையில்..." என்று தொடங்கி. இதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் விழிப்பதுதான் தொடக்கத்தில் வழக்கம். அபத்தமாக இருந்தாலும் எழுதிவிடுங்கள். அதன் கீழே அடுத்த அமர்வு எங்கே தொடங்க வேண்டும் என்று பக்க எண்ணோடு ஒரு குறிப்பு. இது இல்லாவிட்டால் அடுத்த தடவை முதல் பத்து நிமிடம் "எங்க விட்டோம்?" என்று தேடுவதிலேயே போகும்.

ஏஐயிடம் சுருக்கம் கேட்பதைப் பற்றி ஒரு வார்த்தை. எதைப் படிக்கலாம் என்று தேட, புரியாத பத்தியை வேறு மாதிரி விளக்கச் சொல்ல, அது நல்ல துணை. ஆனால் பத்து நிமிடம் நீங்கள் எழுத வேண்டிய அந்த ஐந்தாறு வரியை அது எழுதிக் கொடுத்தால் படித்தது அதுதான், நீங்கள் இல்லை.

கணக்குப் பிரிவுப் பெண்மணியின் ஆறு வாரம்

முதல் வாரம் அவர் புத்தகமே தொடவில்லை. பழைய ஆறு ரிப்போர்ட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முதலாளி போனில் என்ன கேட்டார் என்று பக்கத்தில் எழுதினார். கேள்விகள் மூன்றே மூன்று. யார் கட்டவில்லை, எத்தனை நாளாக, போன மாதத்தைவிட மோசமா. எட்டுப் பக்கத்தில் இந்த மூன்றுக்கும் பதில் மூன்று வெவ்வேறு பக்கத்தில் இருந்தது. இந்த வாரத்தைத் தாண்டிக் குதிக்கிறவர்கள் பிறகு வழிதவறுவார்கள். பிரச்சினை எதுவென்று ஊகித்துக்கொண்டு அதற்குப் பாடம் தேடுவார்கள்.

இரண்டாம் வாரம் வரைபடங்களைக் கண் எப்படிப் படிக்கிறது என்று தேடினார். 1984இல் கிளீவ்லேண்ட், மெக்கில் என்ற புள்ளியியல் அறிஞர்கள் சோதித்த விஷயம் இது. ஒரே அளவுகோலில் நிற்கிற புள்ளிகளையோ பட்டைகளையோ மனிதர்கள் துல்லியமாக ஒப்பிடுகிறார்கள். கோணத்தையும் பரப்பளவையும் ஒப்பிடும்போது தடுமாறுகிறார்கள். ஒன்பது துண்டாக வெட்டிய வட்டத்தில் 11 விழுக்காட்டுத் துண்டையும் 13 விழுக்காட்டுத் துண்டையும் பக்கத்தில் எண் போடாமல் பிரித்தறிய முடியாது. அதே இரண்டையும் பட்டையாக நிறுத்தினால் குழந்தை சொல்லும். மூன்றாம் வாரம் அதே தரவைக் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் மூன்று விதமாக வரைந்தார். கம்ப்யூட்டரில் வரைந்தால் நிறம் தேர்ந்தெடுப்பதில் நேரம் போய்விடும் என்பதற்காகத்தான் பென்சில்.

நான்காம் வாரம் சொந்தத் துறையை விட்டு வெளியே வர வேண்டும். இது கட்டாயம். கணக்காளர்கள் கணக்காளர்கள் எழுதியதையே படித்துக்கொண்டிருந்தால் கிடைப்பது இன்னும் கொஞ்சம் அழகான எட்டுப் பக்கம்தான். அவர் எடுத்தது தினமும் பார்க்கிற எம்ஆர்டி ரயில் வரைபடத்தை. அதன் மூதாதை லண்டன் பாதாள ரயிலின் வரைபடம். சிக்னல் பிரிவில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த ஹாரி பெக் 1931இல் வரைந்து, 1933இல் பொதுமக்கள் கைக்கு வந்தது. அதுவரை ரயில் வரைபடங்கள் நிலத்தின் உண்மையான வளைவுகளையும் தூரங்களையும் காட்டப் பார்த்தன. பெக் தூரத்தைக் கைவிட்டார். கோடுகள் நேராகவும் 45 பாகைச் சாய்விலும் மட்டும் ஓடின. பயணிக்கு எங்கே ஏறி, எங்கே மாறி, எங்கே இறங்குவது என்பது தெரிந்தால் போதும். தோபி காட் நிலையத்தில் மூன்று ரயில் தடங்கள் சேர்வது நமக்கு முக்கியம். சுரங்கம் எந்தத் தெருவுக்கு அடியில் வளைகிறது என்பது யாருக்கு வேண்டும்? அன்று அந்தப் பெண்மணி எழுதிய வாக்கியம்: "அப்படியென்றால் என் வேலையில், சரியாக இருந்தும் முதலாளிக்குத் தேவைப்படாத பக்கங்கள் எவை?" ஐந்து பக்கம் பின்னிணைப்புக்குப் போனது.

ஐந்தாம் வாரம் சோதனை. புதிய முதல் பக்கத்தைப் பக்கத்து மேசைக்காரரிடம் 30 விநாடி காட்டிவிட்டு எடுத்துவிட்டார். "அண்ணே, யார் யாரு காசு கட்டல, சொல்லுங்க பார்ப்போம்." மூன்று பேரில் இரண்டு பேரைச் சொன்னார். மூன்றாவது பெயர் மடிப்புக்குக் கீழே இருந்தது, மேலே தூக்கினார். ஆறாம் வாரம் ரிப்போர்ட் போனது. இதற்கு அளவுகோல் போன் வருகிறதா இல்லையா என்பது மட்டுமே. வந்தால் என்ன கேட்கிறார் என்று பார்க்க வேண்டும். அவர் இதுவரை கேட்காத கேள்வியைக் கேட்டால் பக்கம் வேலை செய்கிறது.

எந்தக் கோர்ஸிலும் இந்தப் பாடத்திட்டம் கிடைக்காது. ஆறு வாரத்துக்கு அவர் செலவழித்த காசு கட்டம் போட்ட தாளுக்கு மட்டும்.

வெளித்துறைக்குப் போக இன்னொரு வழி

அந்த நான்காம் வாரத்துக்கு என்ன செய்வது என்று தெரியாதவர்களுக்கு அரும்பொருளகங்களைச் சொல்வேன். நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்குக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் போவதற்குக் காசில்லை. எம்பிரஸ் பிளேசில் இருக்கும் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் சீனாவின் தாங் வம்சக் காலத்துக் கப்பல் சரக்கு இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் இந்தோனேசியாவின் பெலித்தோங் தீவுக்கு அருகே மூழ்கி, 1998இல் கண்டெடுக்கப்பட்டது. சுமார் 60,000 பீங்கான், மண் பாத்திரங்கள். பார்க்க வருகிறவர்கள் தங்கக் கிண்ணத்துக்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள். துவாஸிலோ சாங்கியிலோ கிடங்கு வேலை பார்ப்பவர் அந்தப் பெரிய ஜாடிகளுக்கு முன்னால் நிற்க வேண்டும். சீனாவின் சாங்ஷா சூளைகளில் சுட்ட கிண்ணங்களை ஒன்றுக்குமேல் ஒன்றாகச் சாய்த்து, சுருள் சுருளாக ஜாடிக்குள் அடுக்கியிருக்கிறார்கள். ஒன்றையொன்று தாங்கிக்கொள்கிற அடுக்கு, வெளியே முட்டுக்கு ஜாடியின் சுவர். கப்பல் மூழ்கி ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் ஏராளமான கிண்ணங்கள் உடையாமல் வந்தன. பபிள் ராப் கிடையாது, நுரை கிடையாது. சரக்குப் பாத்திரமே உறையாகவும் விற்பனைப் பொருளாகவும் இருந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, "நாம் தூக்கி எறிகிற பேக்கிங்கில் எது விற்கக்கூடிய பொருளாக இருக்கலாம்?" என்று எழுதினால் நான்காம் வாரம் உருப்பட்டது. எல்லா அறையையும் சுற்றி வரக் கூடாது. ஒரே அறை, ஒரே பொருள், இருபது நிமிடம்.

நாற்பது நிமிடத்தை எங்கே வைப்பது

இரவு ஒன்பதுக்கு மேல் படிப்பேன் என்று திட்டம் போடுகிறவர்கள் மூன்றாவது வாரத்தைத் தாண்டுவதில்லை. பிள்ளையின் வீட்டுப்பாடம், இந்தியாவிலிருந்து வரும் போன், நாளைக்குச் சமையலுக்கு நறுக்கி வைக்க வேண்டியது. அந்த நேரம் ஏற்கனவே வேறு பலருக்குச் சொந்தம். சிங்கப்பூர் அலுவலகக்காரர்களுக்கு ஆகக் கூடுதலாக நிலைப்பது காலை. வார நாட்களில் 7.45க்கு முன் எம்ஆர்டி நிலையத்துக்குள் நுழைந்தால் கட்டணத்தில் 50 காசு வரை குறையும், கூட்டமும் குறைவு. அலுவலகத்துக்குக் கீழே காப்பிக்கடையில் எட்டு மணியிலிருந்து 8.40 வரை ஒரு மேசை கிடைக்கும். நூலகம் இதற்கு உதவாது, அந்நேரத்தில் திறந்திருக்காது. மதியம் என்றால் 12 மணிக்கு உணவங்காடி நிலைய வரிசையில் நிற்பதைத் தவிர்த்து, 12இலிருந்து 12.40 வரை படித்துவிட்டுப் பிறகு சாப்பிடப் போகலாம். குழுவோடு சாப்பிடுவது வழக்கமென்றால் எல்லா நாளும் இப்படிச் செய்யாதீர்கள். "என்னடா, கூட்டத்தோட சேர மாட்டேங்கிறான்" என்ற பேச்சு வந்துவிடும். அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் பாதி நல்ல கேள்விகளும் வருகின்றன.

ரயிலுக்குள் புதிதாகப் படிப்பது கதைக்காகாது. பொங்கோலிலிருந்து காலையில் ஏறினால் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். ஆனால் பார்க்காமல் நினைத்துப் பார்ப்பதற்கு ரயில் அருமையான இடம். நேற்று எழுதிய ஐந்து வரி என்ன என்று மனசுக்குள் ஓட்டிப் பார்க்கக் கையும் வேண்டாம், கண்ணும் வேண்டாம்.

"நேரம் கிடைக்கும்போது" என்று சொன்னால் கிடைக்காது. எப்போது, எங்கே, எதற்கு அடுத்து என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தவர்கள் நினைத்ததை அதிகம் நிறைவேற்றுகிறார்கள் என்பது பீட்டர் கோல்விட்சரின் 1999ஆம் ஆண்டுக் கட்டுரையின் சாரம். "செவ்வாய், வியாழன், சனி, காப்பி ஓ (பாலில்லாத காப்பி) மேசைக்கு வந்ததும் நோட்டைத் திறப்பேன்" என்ற அளவுக்குத் திட்டவட்டமாக இருக்க வேண்டும். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கிற அளவுக்குப் பழகுவதற்கான நடு அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய சேதம் இல்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. ஆகவே தீபாவளி வாரத்தில் விட்டுப்போனால் விட்டுப்போகட்டும்.

காலண்டரில் இடம் பிடிக்கும்போது "படிப்பு" என்று போட்டால் யாராவது அதன்மேல் மீட்டிங் வைப்பார்கள். "மாத ரிப்போர்ட் புது வடிவம்" என்று போடுங்கள், பொய் இல்லையே. வெள்ளிக்கிழமை நாலு மணி யாரும் கேட்காத நேரமாகத் தெரியும், ஆனால் வாரத்தில் மிச்சம் மீதி எல்லாம் வந்து விழுவது அங்கேதான்.

ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்குக் கடிகார நேரம் ஒத்துவராது. நிகழ்ச்சியோடு கட்டுங்கள்: பகல் ஷிஃப்ட் முடிந்து உடை மாற்றியதும், பஸ் நிறுத்தத்துக்குப் போகும் முன், கேன்டீனில். இரவு ஷிஃப்ட் முடிந்த காலையில் படிக்கவே வேண்டாம், தூங்குங்கள். வாரத்தில் ஆறு நாள் கட்டுமானத் தளத்தில் நிற்கிற மேற்பார்வையாளருக்கு மூன்று அமர்வு பேராசை. ஓய்வு நாளில் ஒரு முழு அமர்வும், வாரத்தின் நடுவில் பத்து நிமிடம் எழுதிப் பார்ப்பதும் போதும். ஆறு வாரம் பத்து வாரமாகும், அவ்வளவுதான்.

முதலாளியிடம் கேட்பது

பெரும்பாலானோருக்கு அனுமதியே தேவைப்படாது. வேலை நேரத்திலிருந்து எடுக்க வேண்டியிருந்தால் கேட்கத்தான் வேண்டும். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் முத்தரப்பு (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள்) வழிகாட்டிகளின்படி, நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு முறையாக எழுதிக் கேட்டால் முதலாளி அதைப் பரிசீலித்து இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. ஆனால் வேலை தொடங்கும் நேரத்தை வாரத்தில் இரண்டு நாள் நாற்பது நிமிடம் தள்ளி வைப்பதற்கு இத்தனை சம்பிரதாயம் வேண்டுமா? "பாஸ், ஆறு வாரத்துக்கு மட்டும் செவ்வாயும் வியாழனும் ஒம்போதே முக்காலுக்கு மேசைக்கு வரேன். அந்த மாச ரிப்போர்ட்ட ஒரு பக்கமா சுருக்கப் பார்க்கிறேன்" என்று சொன்னால் மறுக்கிற மேலாளர் குறைவு. காலக்கெடு, நாள், கைக்கு வரப்போவது எது, மூன்றும் அந்த வாக்கியத்தில் இருக்கிறது.

3எம் கம்பெனி ஊழியர்களுக்கு 15 விழுக்காடு நேரம் கொடுக்கிறது என்ற உதாரணத்தை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். அங்கே ஸ்பென்சர் சில்வர் அந்த ஒட்டியும் ஒட்டாத பசையைக் கண்டது 1968இல். அதைத் துதிப்பாடல் புத்தகத்துக்குப் பக்க அடையாளமாக வைக்கலாம் என்று ஆர்ட் ஃப்ரைக்குத் தோன்றியது 1974இல். போஸ்ட்-இட் ஒட்டுத்தாள் என்று அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்தது 1980இல். பன்னிரண்டு வருஷம். மாத முடிவுக்குக் கணக்கு மூட வேண்டிய மேலாளருக்கு இது ஆறுதலாக இருக்காது.

கிரெடிட்டைப் பற்றி: கேள்வி கையில் வந்த பிறகு, அதுவும் மூன்று வாரம் தானாகப் படித்துப் பார்த்து "இதற்கு மேல் ஓர் ஆள் சொல்லித்தர வேண்டும்" என்ற இடம் தெரிந்த பிறகு செலவழிப்பதே மேல். 4,000 வெள்ளிக்குக் காலாவதித் தேதி கிடையாது, தேர்ந்தெடுத்த கோர்ஸ்களுக்கு மட்டுமே செல்லும். தொழிற்சங்க உறுப்பினருக்கு யூடாப் என்ற பயிற்சி உதவித் திட்டத்தில், மானியம் போக மீதிக் கட்டணத்தில் பாதி, வரம்புக்கு உட்பட்டு, திரும்பக் கிடைக்கும். நிரந்தரவாசிகளுக்கும் வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கும் கிரெடிட் இல்லை. ஆனால் விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகக் கட்டடத்தின் மேல்மாடிகளில் இருக்கும் லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்தில் யாரும் உட்கார்ந்து படிக்கலாம். பொது நூலகங்களில் இரவல் வாங்குகிறவர்களுக்கு 21 நாள். ஒரு தடவை புதுப்பித்தால் ஆறு வாரம் சரியாக வரும்.

எங்கே கெட்டுப்போகிறது

தயாரிப்பிலேயே கெட்டுப்போவது முதல் வகை. புது நோட்டு, நான்கு நிறப் பேனா, குறிப்பெடுக்க ஒரு ஆப், அந்த ஆப்பைப் பயன்படுத்தக் கற்றுத்தரும் வீடியோ. இரண்டு வாரம் போயிருக்கும், கேள்வியை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஒரு சாதாரணத் தாளும் பால்பாயிண்டும் போதும் என்று பிடிவாதமாக இருங்கள்.

இரண்டாவது வகை சேகரிப்பு. பிறகு படிக்கலாம் என்று சேமித்த இணைப்புகள் நூறைத் தாண்டும். ஒரு நேரத்தில் மூன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். நாலாவது வந்தால் ஒன்றை அழித்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். அழிக்க மனம் வராவிட்டால் நாலாவது அவ்வளவு முக்கியமில்லை.

மூன்றாவது, வாராவாரம் கேள்வியை மாற்றுவது. இரண்டாம் வார முடிவில் சலிப்பு வருவது இயல்பு, ஏனென்றால் அப்போதுதான் சுலபமானவை தீர்ந்து கடினமானவை தொடங்குகின்றன. அந்தச் சலிப்பை "இது எனக்கு ஏற்ற துறை இல்லை" என்று தவறாகப் படித்துவிட்டு வேறொன்றுக்குத் தாவுகிறவர்கள் எல்லாவற்றிலும் முதல் இரண்டு வாரத்துப் பாடத்தை மட்டும் தெரிந்துவைத்திருப்பார்கள். நான்காம் வாரத்துக்கு முன் கேள்வியை மாற்றக் கூடாது. கேள்வியின் வாசகத்தை மட்டும் திருத்தலாம்.

சீக்கிரமே சொல்லிவிடுவதும் ஆபத்து. அரைகுறை யோசனையை மீட்டிங்கில் வைத்தால் "அதெல்லாம் ஏற்கனவே பார்த்தாச்சு" என்று ஒருவர் சொல்லிவிடுவார், அத்தோடு போச்சு. ஐந்தாம் வாரச் சோதனை வரை ஒரே ஒருவரிடம் மட்டும் பேசுங்கள். அவர் வேறு பிரிவுக்காரராக இருந்தால் இன்னும் நல்லது.

ஆறு வாரம் முடிந்ததும் கேள்வி தீர்ந்திருக்கலாம், வேறு கேள்வியாக உருமாறியிருக்கலாம், அல்லது கேட்டதே வீண் என்று தெரிந்திருக்கலாம். எதுவானாலும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: கேள்வி, படித்ததில் பயன்பட்ட மூன்று, மாற்றியது என்ன, மாறியது என்ன. சம்பள உயர்வுப் பேச்சுக்கு உட்காரும்போது சர்ட்டிஃபிகேட்டைவிட இந்தப் பக்கம் அதிகம் பேசும். அடுத்த சுற்றை மறுநாளே தொடங்க வேண்டாம். ஒரு வாரம் விடுங்கள். கணக்குக்காரர்கள் அந்த வாரத்தை மாதக் கணக்கு மூடும் வாரமாக அமைத்துக்கொண்டால் இரண்டு வேலையும் ஒன்றையொன்று இடிக்காது.